ரோஜா வாசனையில் ஒரு சாமுராய்

"அடிக்காத தௌசீப்! அடிக்காத!" என்று வசந்த் அலறுவதற்குள் ரோஜா ஸ்ப்ரே அவன் சட்டை மேலேயே விழுந்துவிட்டது.

திரையில் அவனுடைய சாமுராய் எதிரிக் கோட்டை வாசலில் வாளோடு நின்றிருந்தான். பழங்கால ஜப்பானில் எஜமானை இழந்து தனியாகத் திரியும் வீரன். ஆம்பூர் பைபாஸ் ஓரத்து கேம் சென்டரில் உட்கார்ந்து அவனை ஆட்டிவைக்கும் வசந்துக்கும் எஜமான் இல்லை. ஆர்டர் இல்லையென்று ஷூ ஃபேக்டரியில் போன மாதமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

வீட்டில் சொல்லவில்லை. மனைவி மெர்சி அழுவாள் என்பதைவிட, ஆறுதல் சொல்வாள் என்பதுதான் அவனுக்குப் பயம். தினமும் டிபன் பாக்ஸோடு ஷிஃப்டுக்குக் கிளம்புவதுபோல் கிளம்பி இங்கே வந்துவிடுவான்.

"ஏசி ரூம்பா. ஸ்ப்ரே அடிக்கலன்னா கஸ்டமர் வரமாட்டான்," என்றான் கடைக்காரன் தௌசீப்.

"ஃபேக்டரிக்குப் போறவன் ரோஜா வாசனையோட போனா பொண்டாட்டி இன்னா நெனைப்பா?"

"பேஜார்தான்."

வழி காட்டியது சாமுராய்தான். எதிரியின் உடையை மாட்டிக்கொண்டு கோட்டைக்குள் போனான், காவலர்கள் ஏமாந்தார்கள். மறுநாள் வசந்த், ஃபேக்டரி வாசனை அடிக்கட்டும் என்று, தோல் பதனிடும் டேனரியில் வேலை பார்க்கும் தோஸ்த்திடம் ஒரு தோல் துண்டு வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

அவசரத்தில் புத்தி வேலை செய்யவில்லை. ஷூ ஃபேக்டரியில் அடிப்பது பசை வாசனை. இதுவோ பதனிடாத பச்சைத் தோல். பஸ்ஸில் பக்கத்து சீட் காலியானது. தௌசீப் பதறிப்போய் இன்னும் ரெண்டு முறை ஸ்ப்ரே அடித்தான். செத்த மாட்டுக்கு மாலை போட்ட மாதிரி ஆகிவிட்டது.

மெர்சி ஒன்றும் கேட்கவில்லை. "கை கழுவிட்டு வாங்க," என்று சோறு போட்டாள். அடுப்பில் பால் தீய்ந்துகொண்டிருந்தது.

"பால் தீயுது! மூக்கு இருக்கா இல்லியா உனக்கு?"

ஓடிப்போய் அணைத்துவிட்டு வந்தவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவன் மொபைலில் அடுத்த லெவலை ஜெயிப்பது எப்படி என்று பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் கேட்காமல் இருப்பதுதான் அவனை உறுத்தியது. சந்தேகம் முற்றிவிட்டது என்று முடிவுகட்டி, அடுத்த நாள் தோலைச் சட்டையிலேயே நன்றாகத் தேய்த்துக்கொண்டான். அன்று விளையாட்டில் அவனை அடிக்க ஆளில்லை. கதவுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் எதிரி மூச்சு விடுவதைக் கேட்டே வெட்டிச் சாய்த்தான். வீடு வரைக்கும் தெருநாய்கள் கூடவே வந்தன.

மெர்சி தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். வாசலில் பக்கத்து வீட்டு அன்வரி பேகம் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றிருந்தார்.

"இன்னாப்பா வசந்த், இன்னாத்த கொண்டாந்து வெச்சிருக்க? எங்க வீட்டு பிரியாணில கூட இந்த நாத்தம்தான் வருது!"

வசந்துக்கு ரோஷம் வந்துவிட்டது.

"தோல் வேலைக்குப் போறவன் மேல தோல் வாசனைதாம்மா அடிக்கும். ஒரே வீட்ல இருக்கற மெர்சியே ஒரு வார்த்தை சொல்லல. உங்களுக்கு இன்னா வந்துச்சு?"

அன்வரி பேகம் முந்தானையை மூக்கிலிருந்து எடுத்துவிட்டு அவனைப் பாவமாகப் பார்த்தார்.

"கரோனா வந்துட்டுப் போனதுல இருந்து அவளுக்கு எந்த வாசனையும் தெரியறதில்லியேப்பா. உனக்கு வேலை போனதை அவ அன்னிக்கே கண்டுபுடிச்சிட்டா, இது உனக்கு இன்னுமா தெரியாது?"