வெளுக்கப் போன தமிழ்வாணன்

"வெள்ளிக்கிழமைக்குள்ள நீ கொஞ்சமாச்சும் வெளுக்கணும் தமிழ்வாணா. இல்லன்னா கோடவுனுக்குப் போயிடு" என்றார் முதலாளி வீரபாகு.

வெளுப்பதற்குத் தமிழ்வாணன் வேட்டியா என்ன? ஆரணியில் வீரபாகுவின் பட்டுக் கடையில், புடவையைத் தன் தோளிலேயே மடிப்பு வைத்துப் போட்டுக் காட்டும் விற்பனையாளர் அவர். முந்தானையை வழியவிட்டு லேசாகத் திரும்பினால் போதும், பெரணமல்லூர்ப் பெண்கள் வைத்த கண் வாங்காமல் பார்ப்பார்கள். போனில் கடை நடத்தும் லைவிலும் அவர் தோள்தான். ஆனால் ஆள் நல்ல கறுப்பு.

வெள்ளிக்கிழமை கடையின் புது மாடியைத் திறந்துவைக்க ஒரு நடிகை வருகிறார். டிவி விளம்பரத்தில் சிவப்பழகு கிரீமைக் கன்னத்தில் தடவிக்கொண்டு சிரிப்பாரே, அவரேதான்.

"பால் மாதிரி பொண்ணு. அது பக்கத்துல நீ நின்னுகினு புடவை காட்னா நல்லாவா இருக்கும்? நம்ம செவத்த பையன் விக்னேஷ் நிக்கட்டும். இனிமே லைவும் அவனே பண்ணட்டும்."

கவுண்டரை விட்டுவிட்டு உள்ளே உட்கார்ந்து புடவை மடிப்பதா? அன்று மாலையே தமிழ்வாணன் அந்த நடிகை தடவும் கிரீமை வாங்கிவந்து, சுவருக்குப் பட்டி பார்க்கிற மாதிரி அப்பிக்கொண்டார்.

முகம் ஒரு மாதிரி வெளுத்தது. கழுத்தும் கையும் ஒத்துழைக்க மறுத்துவிட்டன.

"இன்னாங்க, தலைய மட்டும் வேற எங்கன்னா வாங்கினு வந்தீங்களா?" என்றாள் மனைவி கமலம்.

"கிண்டல் பண்ணாத. பொழப்பே போயிடும்போல இருக்குது."

"அப்போ கைக்கும் கழுத்துக்கும் பவுடரைப் போடுங்க."

போட்டார். தாராளமாகவே போட்டார். மறுநாள் வெம்பாக்கத்திலிருந்து கல்யாணப் புடவை எடுக்க வந்த ஆதிலட்சுமி என்ற அம்மாவுக்கு அரக்குப் பட்டைத் தோளில் போட்டுக் காட்டினார். வெயில் காலம், வியர்வை வேறு. புடவையை எடுத்தபோது தோள் அகலத்துக்கு ஒரு வெள்ளைத் திட்டு.

"முகூர்த்தப் புடவையில இன்னாங்க இது, கோலம் போட்டு வெச்சிருக்கீங்க?"

"பேஜார் புடிச்ச ஆளுய்யா நீ! பட்டுல போயி பவுடரா?" என்று வீரபாகு கத்தியது கடைத்தெரு முழுக்கக் கேட்டது.

விக்னேஷ் நல்ல பையன். அவனுக்கே பாவமாகப் போயிற்று. "அண்ணா, போன்ல ஃபில்டர் இருக்குது. அதைப் போட்டு லைவ் பண்ணலாம். உங்க கலரப் பாத்து முதலாளி மனசு மாறிடுவாரு."

ஃபில்டர் சொன்ன சொல் தவறவில்லை. தமிழ்வாணன் பளபளவென்று அந்த நடிகையின் அண்ணன்போல ஆனார். அவரோடு சேர்ந்து புடவைகளும் வெளுத்ததுதான் வம்பாகிவிட்டது. அரக்கு ரோஸ் ஆகிவிட்டது. மறுநாள் கடை திறப்பதற்குள் வாசலில் பெண்கள் போனும் கையுமாக நின்றார்கள்.

"அந்த ரோஸ் புடவைய எடுங்க, ஜல்தி!"

யாரும் நெய்யாத புடவையை எங்கிருந்து எடுப்பது? இந்த முறை வீரபாகு கத்தவில்லை. கோடவுன் பக்கம் விரலை நீட்டினார். அதற்குக் கத்தியிருக்கலாம்.

வெள்ளிக்கிழமை வெளியே மேளமும் வெடியும் அமர்க்களப்பட்டன. தமிழ்வாணன் குழாயடியில் முகத்தைத் தேய்த்துக் கழுவிவிட்டு, பழைய கறுப்போடு கோடவுனில் உட்கார்ந்து புடவை மடித்தார். இத்தனை வருஷ வேலை ஒரு நிறத்தால் போயிற்றே என்று அழுகை வந்தது. அழுதார்.

பிறகு மனசு கேட்காமல் கதவிடுக்கில் எட்டிப் பார்த்தார். விக்னேஷ் புடவை மேல் புடவையாகத் தோளில் போட்டுக் காட்டினான். நடிகை ஒவ்வொன்றுக்கும் உதட்டைப் பிதுக்கினார். கடைசியில் தன் மேக்கப் பெண் அமலாவின் காதில் ஏதோ சொன்னார். அமலா நேரே கதவருகில் நின்ற வீரபாகுவிடம் வந்தாள்.

"சார், லைவ்ல வருவாரே, அந்தக் கறுப்பு அண்ணன் எங்க?"

ஃபில்டர் விவகாரம் இவர்கள் வரைக்குமா போய்விட்டது! வீரபாகு கையைக் கூப்பினார்.

"மன்னிச்சிடும்மா. அவன உள்ள தள்ளிட்டேன். மேடம் கண்ணுலயே படமாட்டான்."

அமலா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"ஐயையோ, மொதல்ல அவரக் கூப்பிடுங்க சார்! மேக்கப்பக் கழுவிட்டா எங்க அக்காவும் அவரு கலர்தான். வீட்ல கட்டற புடவையெல்லாம் அவரு தோள்ல பாத்துத்தான் எடுக்கறாங்க!"