காத்தாடி அண்ணனின் சட்டைப் பை

உலகத்தில் எந்தப் பொருள் கெட்டாலும் அதற்குச் சூடுதான் காரணம் என்று நம்பிய மனிதர் ஒருவர் கோல சிலாங்கூரில் இருந்தார். ரேடியோ கரகரத்தால் சூடு. சுவர்க் கடிகாரம் பின்தங்கினால் சூடு. புருஷன் பெண்டாட்டி சண்டையா? "காத்து வர்ற வழியில அலமாரிய வச்சிருப்பாங்க, போயி பாரு" என்பார்.

மின்சாமான் பழுது பார்ப்பது அவர் தொழில். எதைக் கொடுத்தாலும் அதில் ஒரு சின்ன மின்விசிறியைப் பொருத்தித்தான் திருப்பித் தருவார். அதனால் காத்தாடி அண்ணன். சொந்தப் பெயர் எங்கள் கடைவரிசையில் யாருக்கும் தெரியாது. ஐஸ் பெட்டிக்கு வெளிப்பக்கம் விசிறி வைத்தவர் அவர். கோயில் ஒலிபெருக்கிக்கும் வைத்தார். அந்த வருடத் திருவிழாவில் ஐயர் சொன்ன மந்திரத்தோடு 'விர்ர்' என்ற சத்தமும் ஊர் முழுக்கக் கேட்டது. முட்டையிடாத ஒரு கோழிக்குக்கூட அதன் கூட்டில் விசிறி மாட்டிக் கொடுத்தார். கோழி பிறகு முட்டையிட்டதா என்பதில் இன்றுவரை இரண்டு கட்சி உண்டு. இத்தனைக்கும் அவர் கடையில் ஒரு விசிறியும் ஓடாது. எல்லா மோட்டாரையும் கழற்றி ஊருக்குக் கொடுத்துவிட்டு, வேர்க்க விறுவிறுக்க ஓர் அட்டையால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

அவரிடம் நான் போய் நின்றது ஒரு பழைய கம்ப்யூட்டருக்காக.

என் கணவர் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறார். தோட்டத்து மானேஜர் மாற்றலாகிப் போனபோது, அவர் பிள்ளைகள் விளையாடித் தேய்த்த கம்ப்யூட்டரை இவரிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். விசைப்பலகையும் இயந்திரமும் ஒரே பெட்டி. டிவியோடு இணைக்க வேண்டும். புரோகிராமை ஒரு கேசட் ரெக்கார்டரிலிருந்து அது கேட்டுக் கேட்டு ஏற்றிக்கொள்ளும். மூன்று முறை முயன்றால் ஒரு முறை ஏறும். ஏறினாலும் அரை மணி நேரத்தில் திரை உறைந்துவிடும். அதற்குள் என் மாமியார் வந்து, "அந்த டைப் மிஷின கழட்டும்மா, டிவியில படம் போடப் போறான்" என்பார்.

எனக்கு அது விளையாட்டுச் சாமான் இல்லை. பக்கத்து ஆலை அலுவலகத்தில் எழுத்து வேலைக்குக் கம்ப்யூட்டர் தெரிந்த ஒரு கிராணியை எடுக்கப் போவதாக அறிவித்திருந்தார்கள். தேர்வுக்கு இரண்டு மாதம் இருந்தது. பள்ளியில் ஐந்தாம் படிவம் முடித்து, கிள்ளானில் கம்ப்யூட்டர் மாலை வகுப்புக்கும் போனவள் நான். கல்யாணம், குழந்தை என்று எல்லாம் மறந்து போயிருந்தது. பழகிப் பார்க்க இந்த ஒரு பெட்டிதான். புதியது வாங்க வழியில்லை. பத்து மாதக் குழந்தையை விட்டு வேலைக்குப் போகலாமா என்ற கவலை ஒரு பக்கம், போகாவிட்டால் என்ன ஆகும் என்ற கவலை மறுபக்கம்.

காத்தாடி அண்ணன் வீட்டுக்கே வந்தார். பெட்டியைத் திறந்தார். உள்ளே இரண்டு பல்லி முட்டைகள்.

"வாடகைக்கு ஆள் வச்சிருக்கியே தங்கச்சி" என்றார்.

பள்ளிக்கூட அழிப்பானால் இணைப்பு முனைகளைத் தேய்த்துப் பளபளப்பாக்கினார். ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் ரெக்கார்டரின் காந்தத் தலையைத் துடைத்தார். கேசட்டை ஓடவிட்டு, கீச்சென்ற சத்தத்தைக் கண்மூடிக் கேட்டபடி ஒரு திருகாணியை மயிரிழை மயிரிழையாகத் திருப்பினார். "ம்... இப்பதான் சுதி சேருது." பிஸ்கட் டின் தகரத்தை வெட்டிச் சூடாகும் பாகத்தில் பொருத்தினார். காற்றுப் புக நான்கு காலி நூல் உருளைகளைப் பெட்டிக்கடியில் கால்களாக ஒட்டினார். கடைசியாக, வேறென்ன, பின்னால் உள்காற்று இழுக்கும் ஒரு சின்ன விசிறி. குழந்தை விரலை விட்டுவிடுவாளே என்று நான் நான்கு முறை கேட்டதால், அதற்குக் கோழிக்கூட்டு வலையில் ஒரு மூடி செய்தார்.

கம்ப்யூட்டர் எழுத்து ஒன்றும் தெரியாதவர், என் புரோகிராமையும் விடவில்லை. பெட்டியின் நினைவில் இடம் போதவில்லை என்று நான் புலம்பியிருந்தேன். திரையைக் காட்டி, "இந்த வரி என்னா வேல செய்யுது?" என்றார்.

"வேலை செய்யாதுண்ணே. அது விளக்கம். டீச்சர் எழுதச் சொன்னாங்க."

"எடமில்ல எடமில்லங்குற, வேல செய்யாதவங்களுக்கு எதுக்குலா எடம்?" என்று, பாயில் படுத்திருந்த என் கணவரைப் பார்த்தார். இவர் எழுந்து தண்ணீர் தூக்கப் போய்விட்டார்.

விளக்க வரிகளை அழித்தேன். உண்மையாகவே ஓட்டம் கூடியது. கேசட் முதல் முறையிலேயே ஏறியது. மூன்று மணி நேரம் ஓடியும் திரை உறையவில்லை. கூலியாகப் பாலில்லாத தேநீர், ஒரு மங்கு தே ஓ, குடித்தார். அதையும் ஆறவைத்துத்தான்.

தேர்வுக்கு ஒரு வாரம் இருக்கும்போது சரஸ்வதி பூஜை வந்தது.

"புஸ்தகம் வைக்கிறோம், பேனா வைக்கிறோம். ஒனக்கு சோறு போடப் போறது இதுதான, இத வைக்கலன்னா எப்படி?" என்றார் மாமியார். எனக்கும் அது சரியாகவே பட்டது. பெட்டியைச் சாமி முன் வைத்து, அவர் நூற்றெட்டு நாமம் வாசிக்க, ஒவ்வொரு நாமத்துக்கும் ஒரு சிட்டிகை குங்குமம் அதன்மேல் போட்டேன். எண்ணிக்கை தவறியதோ என்ற சந்தேகத்தில் இன்னும் ஏழெட்டுச் சிட்டிகை சேர்த்தே போட்டேன். மறுநாள் துணியால் துடைத்துவிட்டு விசையைப் போட்டேன். விசிறி சுழன்றது. ஐந்தே நிமிடம். திரையில் கோடு கோடாக ஓடி, பெட்டி அடங்கிவிட்டது.

நான் யோசிக்கவில்லை. சோறு வெந்ததா என்று மூன்று தடவை திறந்து பார்க்கிறவள், அன்றைக்கு மட்டும் யோசிக்கவில்லை. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கடைக்குப் போய், நான்கு வாடிக்கையாளர்கள் முன்னால் கத்தினேன்.

"ஒங்க காத்தாடியாலதான் கெட்டுப்போச்சு! எதக் குடுத்தாலும் அத மாட்டி மாட்டி ஊருல எல்லார் சாமானையும் கெடுக்குறீங்க! என் வேல போச்சுண்ணே!"

அங்கிருந்த ஓர் அம்மா, தன் ரைஸ் குக்கரை மெதுவாக எடுத்துக்கொண்டு வெளியேறினார்.

 காத்தாடி அண்ணன் அட்டையைக் கீழே வைத்துவிட்டு, கருவிப்பெட்டியோடு என் பின்னால் வந்தார். கூடவே வேடிக்கை பார்க்க இரண்டு பேர். மாமியார் வாசலிலேயே நின்றார். அண்ணன் பெட்டியைத் திறந்து, பஞ்சை உள்ளே விட்டு எடுத்தார். பஞ்சு சிவப்பாக வந்தது. இன்னொன்று. அதுவும் சிவப்பு. பஞ்சு வெள்ளையாக வரும்வரை துடைத்தெடுத்தார். விசை இடுக்குகளில் தங்கியிருந்த அத்தனை குங்குமத்தையும் விசிறி உள்ளே இழுத்திருக்கிறது.

பஞ்சைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். வாசலில் நின்றவர்களைப் பார்த்தார். பிறகு அந்தப் பஞ்சுகளை ஒவ்வொன்றாகத் தன் வெள்ளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"சூடுதான். காத்தாடிய எதிர்ப்பக்கமா திருப்பி வச்சிட்டேன், என் தப்பு" என்றார், வாசலுக்குக் கேட்கும்படி.

 மாமியார் என்ன நினைப்பாரோ, வந்தவர்கள் என்ன சொல்வார்களோ என்று, உண்மையைச் சொல்ல ஒரு நிமிடம் தயங்கினேன். அந்த ஒரு நிமிடத்தில் அவர் பெட்டியை மூடிவிட்டுப் போய்விட்டார். பையில் கறை ஏன் என்று வழியில் யாரோ கேட்டதற்கு, "வெத்தலைய மடிச்சி வச்சேன்லா" என்றாராம். அவர் வெற்றிலை போட்டு யாரும் பார்த்ததில்லை.

பெட்டி ஓடியது. நான் தேர்வில் தேறி, அந்த நாற்காலியில் இப்போதும் உட்கார்ந்திருக்கிறேன். 'அவரே ஒத்துக்கிட்டாராமே' என்று சனங்கள் பஸ் நிலையத்துப் பக்கம் இருந்த கடைக்குச் சாமான்களைக் கொண்டுபோனார்கள். நாளைக்குப் போய்ச் சொல்லிவிடலாம், அடுத்த வாரம் சொல்லிவிடலாம் என்று நான் இருந்தேன். ஒரு நாள் கடை பூட்டிக் கிடந்தது. செகிஞ்சானில் ஓர் அரிசி ஆலையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார் என்றார்கள். அங்கே உமி ஊதும் விசிறி ஆள் உயரம் இருக்குமாம். அதைக் கேட்டு எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்பதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரையும் இன்னொரு பொய்யாகிவிடும்.

செகிஞ்சானுக்குப் பஸ் ஏறினால் அதிக நேரம் ஆகாது. மூன்று வருடமாக நான் போய்ச் சேரவில்லை. குழந்தைக்குக் காய்ச்சல், மழை, வேலை. எல்லாம் உண்மையான காரணங்கள்தான். ஆனால் நான்கு பேர் முன்னால் கத்தியதை அவரிடம் மட்டும் தனியாகப் போய்ச் சொன்னால் போதுமா என்பதும் தெரியவில்லை. அதனால்தான் எல்லோரும் படிக்கிற இடத்தில் எழுதுகிறேன். அந்த ரைஸ் குக்கர் அம்மாவும் படிக்க வேண்டும். காத்தாடியில் தப்பில்லை. குங்குமம் நான் போட்டது.

பெட்டி போன வருடம் ஒரேயடியாக நின்றுவிட்டது. விசிறியை மட்டும் கழற்றி, மகள் படுக்கைக்குப் பக்கத்தில் கோழிவலையோடு வைத்திருக்கிறேன். இப்போதும் ஓடிக்கொண்டிருக்கிறது. வெளியே மழை, அறை குளிர்ந்துதான் கிடக்கிறது. இருந்தும் அதை நிறுத்த எனக்கு மனம் வரவில்லை.