கத்தரிக்காக்காவும் கமலத்தின் முள்ளுக்கத்தரியும்

ஒரு கத்தரிக்காயைக் கையில் எடுத்து, அதன் வாப்பா யார், உம்மா யார் என்று விசாரித்த மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான் இருந்திருப்பார். அவரோடு ஒரே கந்தோரில், அதாவது அலுவலகத்தில், வேலை செய்ய எனக்குக் கொடுத்துவைத்திருந்தது.

நிந்தவூரிலிருந்து காலை பஸ்ஸில் வருவார். கல்முனையில் இருந்த எங்கள் விவசாயக் கந்தோரில் மரக்கறிப் பயிர்கள் எல்லாம் அவர் பொறுப்பு. நான் அங்கே எழுதுவினைஞன். பயிற்றை, வெண்டி, மிளகாய் பற்றிக் கேட்டு வருகிறவர்களுக்கு நின்றபடியே பதில் சொல்லி அனுப்பிவிடுவார். கத்தரி என்று சொன்னால் கதிரையை இழுத்துப் போடுவார். கேட்க வந்தவர் பகல் சாப்பாட்டை மறந்துவிட வேண்டியதுதான். காக்கா என்றால் எங்கள் பக்கத்து முஸ்லிம்களுக்கு அண்ணன்; ஊர் அவருக்குக் கத்தரிக்காக்கா என்று பெயர் வைத்தது. சொந்தப் பெயர் கையெழுத்து வைக்கும் வரவுப் புத்தகத்தில் மட்டும் இருந்தது.

அவருடைய தங்கையின் கலியாணத்தில் ஆறு பேர் சஹன் என்ற ஒரே பெரிய தட்டைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். கத்தரிக்காய்ப் பிரட்டலை வாயில் வைத்தவர் மெல்லுவதை நிறுத்தினார். விரலால் ஒரு விதையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு எழுந்து போனவர்தான். மாப்பிள்ளையோடு படம் எடுக்க எல்லோரும் அவரைத் தேடியபோது, சமையல் நடந்த இடத்தில் குப்பைக்கூடைக்குள் கையை விட்டு, விதைக்கு முற்றிய காய் ஒன்று கிடைக்காதா என்று துழாவிக்கொண்டிருந்தார். அந்தக் கலியாண அல்பத்தில் மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு இடைவெளி இன்றைக்கும் இருக்கிறது.

பிறகு சுனாமி வந்தது. சிரிப்பதற்கு எங்கள் கரையில் ஒன்றும் மிஞ்சவில்லை. கத்தரிக்காக்காவின் வீட்டிலும் பாதிக் கூரைதான் நின்றது. அதை அப்படியே விட்டுவிட்டு அவர் தோட்டம் தோட்டமாக நடந்தார். கடல் புகுந்த மண்ணில் நட்டதெல்லாம் இலை ஓரம் கருகிச் செத்துக்கொண்டிருந்தது. கிணறுகள் உவர்த்துப் போயிருந்தன. மாதக்கணக்கில் நடந்து கடைசியில் பெரியநீலாவணையில் ஓர் இடிந்த கிணற்றருகே நின்றார்; நானும் கூடப் போயிருந்தேன். அங்கே ஒரு முள்ளுக்கத்தரி மட்டும் ஒன்றுமே நடக்காதது போலப் பச்சையாக நின்றது.

வளவின் சொந்தக்காரர் கமலம், மீன்பிடிக் குடும்பத்துப் பெண். வீடும் வள்ளமும் போய், புருசனோடும் பிள்ளைகளோடும் கூடாரத்தில் இருந்தார். நாங்கள் கொப்பியைத் திறந்ததும் அவருடைய முகம் இறுகியது. நிவாரணத்துக்குப் பெயர் எழுத வந்தவர்களை அவர் நிறையப் பார்த்திருந்தார். காக்கா எழுதியது செடியின் விபரம் என்று தெரிந்ததும் இன்னும் கோபம் வந்தது. அது ஆடுகூடத் தின்னாத கசப்பு, வேலிக்கு நட்டது என்றார்.

"எங்கட பேர எழுதினவங்களே ஒண்டும் தரல்ல. செடிர பேர எழுதிறீங்க, அதுக்கு என்ன குடுக்கப் போறீங்க?" என்று கேட்டார்.

காக்கா நிதானமாகச் சொன்னார்: "கலியாணம் முடிச்சி வைப்பன், தங்கச்சி. நல்ல இடம் ஒண்டு பாத்து வெச்சிரிக்கன்."

கமலம் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சிரித்தார். சுனாமிக்குப் பிறகு அவர் சிரித்தது அன்றைக்குத்தான் என்று பிற்பாடு அவருடைய புருசன் எனக்குச் சொன்னார்.

கலியாணம் நடந்தது. எங்கள் ஊர்ச் சந்தையில் எல்லோருக்கும் பிடித்த ஊதாக் கத்தரியின் பூவில், முள்ளுக்கத்தரியின் மகரந்தத்தைக் காக்கா தன் கையால் தடவினார். முதல் பிள்ளைகள் உப்பைத் தாங்கின, ஆனால் கசந்தன. அவற்றை மறுபடி ஊதாக் கத்தரியோடு சேர்த்தார். கந்தோரின் பின்பக்கம் முழுவதும் கன்றுகள் நிறைந்தன. எந்தக் கன்றுக்கு எந்தக் குணம் வந்திருக்கிறது என்று காய்க்கும்வரை காத்திருந்தால் எங்கள் தலை நரைத்துவிடும். மலைநாட்டில் ஒரு மரபணு ஆய்வுகூடம் இருந்தது. முன்பே எங்கள் கன்றுகளில் கொஞ்சத்தை உப்புத் தண்ணீரில் வளர்த்து, செத்தவற்றின் மரபணுவையும் பிழைத்தவற்றின் மரபணுவையும் அங்கே ஒப்பிட்டு, உப்பைத் தாங்கும் குணத்தோடு கூடவே வரும் அடையாளங்களைக் கண்டுபிடித்திருந்தார்கள். கசப்புக்கும் அப்படியே. இனி ஒவ்வொரு கன்றின் இலையையும் அனுப்பினால் போதும், எது தேறும் என்று சொல்லிவிடுவார்கள்.

ஆனால் இலை அழுகாமல் உலர்ந்து போக வேண்டும். அதற்குக் காலில் போடும் சப்பாத்தின் பெட்டிக்குள் ஈரம் உறிஞ்ச வைக்கிறார்களே, அந்தச் சின்னப் பொட்டலம் வேண்டும். கல்முனையின் சப்பாத்துக்கடைக்காரர்கள் அவரைத் தூரத்தில் கண்டதும் பொட்டலங்களை எடுத்து வெளியே வைக்கப் பழகினார்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் புதுச் சப்பாத்தோடு வந்த ஒருவரைப் பள்ளிவாசல் படியிலேயே மறித்து, பெட்டியை எறிந்துவிட்டாரா என்று கேட்டதை நானே பார்த்தேன்.

யுத்தம் மும்முரமாக இருந்த நேரம். தபாலை நம்ப முடியாமல் நாங்களே இலைகளைக் கொண்டு போனோம். வழியில் சோதனைச் சாவடியில் பெட்டியைத் திறந்தார்கள். காய்ந்த இலை, சின்னச் சின்னக் கடதாசிப் பொட்டலம், ஒவ்வொன்றிலும் இலக்கம். கஞ்சா விற்கிறவன்கூட இவ்வளவு ஒழுங்காக இருக்கமாட்டான். எங்களை இறக்கிவிட்டு பஸ் போனது. நீரிழிவுக்கு மருந்து என்று சொல்லித் தப்புவோம் என்று காக்காவின் காதில் சொன்னேன். அவர் சம்மதிக்கவில்லை. எல்லாவற்றையும் தண்ணீர் வாளிக்குள் கொட்டச் சொல்லி அதிகாரி உத்தரவிட்டதும், பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிலத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"என்னைய உள்ளுக்குப் போடச் செல்லுங்க, தம்பி. இலைய நனைக்க வேணாமெண்டு செல்லுங்க."

இரண்டாவது பாதியை மட்டும் சிங்களத்தில் மொழிபெயர்த்தேன். என்ன இலை என்று அதிகாரி கேட்டார். "வம்பட்டு" என்றார் காக்கா. சிங்களத்தில் அவருக்குத் தெரிந்த ஒரே சொல் அதுதான், கத்தரி.

அதிகாரி குரலைத் தாழ்த்தி, ஊரில் தன் தகப்பன் வைத்த வம்பட்டு காய்க்கிற நேரத்தில் திடீரென்று வாடிச் சாகிறதே, ஏன் என்று கேட்டார். காக்கா நிலத்தில் இருந்தபடியே ஆரம்பித்துவிட்டார். வாடிய செடியின் தண்டை வெட்டித் தெளிந்த தண்ணீரில் பிடிக்க வேண்டும். பால்போல நூல் இறங்கினால் அது மண்ணிலிருந்து வரும் கிருமி. செடியைப் பிடுங்கி எரித்துவிட்டு அந்த இடத்தில் கத்தரியும் தக்காளியும் சில வருசம் நடக்கூடாது. எங்கள் பெயர்களை எழுதிய அதே புத்தகத்தில் அதிகாரி இதையும் எழுதிக்கொண்டார். அடுத்த பஸ்ஸை மறித்து எங்களுக்கு ஆசனம் எடுத்துத் தந்தார்.

சில வாரங்களில் முடிவு வந்தது. அத்தனை கன்றுகளில் மூன்றே மூன்று, உப்பைத் தாங்கும், கசக்காது. காக்கா செல்லம் கொடுத்து வளர்த்த கொழுத்த கன்று அந்த மூன்றில் இல்லை. இரண்டு நாள் அதன் பக்கத்தில் போய், மகன் பரீட்சையில் தவறிய வாப்பாவைப் போல நின்றார்.

யுத்தம் முடிந்த வருசம், அந்த மூன்றின் பிள்ளைகள் கமலத்தின் வளவில் காய்த்தன. கிணறு இன்னும் உவர்த்தண்ணீர்தான். காய்கள் கருநீலமாய்ப் பளபளத்தன. புதிதாகக் கட்டிய வீட்டில் கமலம் கூனி இறால் போட்டுக் கறியாக்கினார். முதல் வாயை அவரே எடுத்தார். அவர் மென்று விழுங்கும்வரை காக்கா மூச்சு விடவில்லை.

"கசக்கல்ல காக்கா" என்றார் கமலம்.

வாழ்நாள் முழுக்கக் கத்தரியைப் பற்றிக் கதைத்தவர் எழுந்து போய்ச் செடிகளைப் பார்த்தபடி எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். திரும்பி வந்தவர் விதைக்குக் காய் கேட்டார். விதை தன் வளவில்தான் இருக்கும், வேண்டுமென்றால் வந்து கேட்டு வாங்கலாம் என்று கமலம் சொன்னார். ஆடுகூடத் தின்னாதது என்று சொன்னவர் இப்போது விதையை விட்டுக்கொடுக்காததைக் கேட்டு காக்கா சந்தோசப்பட்ட அளவுக்கு வேறு எதற்கும் சந்தோசப்பட்டு நான் பார்த்ததில்லை. பிறகு என் சாப்பாட்டுக் கோப்பையில் தானே கறியை அள்ளிப் போட்டு, எப்படி என்று கேட்டார். அருமை என்றேன். இன்னும் போட்டார்.

எனக்குக் கத்தரிக்காய் ஒத்துக்கொள்ளாது. ஒரு துண்டு உள்ளே போனாலே நாக்கு அரித்து உதடு வீங்கிவிடும். அவரோடு வேலை செய்த அத்தனை வருசத்திலும் இதை அவரிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அன்றைக்கு மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டேன்.