மிஸ்டர் மக்றேயின் மொழிபெயர்ப்பாளர்

மிஸ்டர் மக்றே தொப்பியைக் கழற்றிப் புல்லில் அடித்தபோது ஆட்டம் தொடங்கி ஒன்பது நிமிடம்தான் ஆகியிருந்தது.

"அந்த ஒன்பதாம் நம்பரை வெளியே எடு!" என்றார் இங்கிலீஷில்.

ஸ்கொட்லாந்து இங்கிலீஷ். தொண்ணூற்றாறாம் ஆண்டுக் கனடாத் தமிழ் உதைபந்தாட்டக் கழகங்களின் கிண்ணத்துக்காக அன்று மைதானத்தில் கூடியிருந்தவர்களில் அது விளங்கிய ஒரே ஆள் யோசப். ஒஷாவா தொழிற்சாலையில் இரண்டு வருடம் மேற்பார்வையாளர் மக்றேயிடம் ஏச்சு வாங்கிப் படித்த மொழி. கழகத்துக்கு அவரை மனேச்சராகக் கூட்டி வந்ததும் அவன்தான்.

மக்றே தன் ஊரில் பெரிய முன்கள வீரர். நூற்றுப் பன்னிரண்டு கோல். முழங்கால் போனபிறகு மனேச்சர். நாலு கழகங்களில் இருந்தார், நாலும் துரத்திவிட்டன. திறமையில் குறையில்லை. மனதில் பட்டதைச் சொல்லிவிடுவார்.

ஒன்பதாம் நம்பர் கஜீவன். வயது முப்பத்தெட்டு, வயிற்றுக்கு இன்னும் கூட. கழகத் தலைவர் சச்சிதானந்தனின் மனைவி பேபி அக்காவுக்கு ஒரேயொரு தம்பி. சச்சிதானந்தனின் ரெக்ஸ்டேல் வீட்டுப் பேஸ்மென்ற்றில்தான் யோசப் குடியிருந்தான். அடுத்த மாதம் ஊரிலிருந்து ஸ்பொன்சர் விசாவில் அவன் மனைவி வேரோனிக்கா வருகிறாள். கல்யாணமாகி நாலு வருடத்தில் முதல் தடவையாக இருவரும் ஒரே கூரைக்குக் கீழே. அந்தக் கூரை பேபி அக்காவுடையது.

"என்னவாம் அண்ணை?" கோட்டருகே வந்து கேட்டான் கஜீவன்.

"நல்லா விளையாடுறியாம். இன்னும் முன்னுக்கு நிக்கட்டாம்."

கஜீவன் முன்னுக்குப் போய் நின்றான். பந்து அவனில் பட்டு நேரே எதிரணிக்காரனின் காலுக்குப் போனது. எதிரணி ஒன்றுக்குப் பூச்சியம்.

"அவனைக் கதிரையில் இருத்து!" மக்றேயின் முகம் தக்காளியாகிவிட்டது.

"நடுவில நிண்டு எல்லாரையும் மேய்க்கட்டாம்!" என்று கத்தினான் யோசப்.

கஜீவன் நடுவில் நின்று இரண்டு கையாலும் மேய்த்தான். பத்துப் பேரும் அவன் கையைப் பார்த்தார்கள். பந்தைப் பார்க்க ஆளில்லை. இரண்டு.

இடைவேளையில் மக்றே கஜீவனின் நெஞ்சில் விரலை வைத்து, பஸ்ஸைத் தவறவிட்டவன் கூட இவனைவிட வேகமாக ஓடுவான் என்றார். எல்லோரும் யோசப்பைப் பார்த்தார்கள்.

"பெனால்ரி கிடைச்சா கஜீவன்தான் அடிக்கோணுமாம்."

பாழாய்ப்போன பெனால்ரி கிடைத்தது. பந்து கம்பத்துக்கு மேலால் பறந்து, சச்சிதானந்தனின் புது வான் வண்டியின் முன்கண்ணாடியில் போய் இறங்கியது.

மக்றே தொப்பியைப் பொறுக்கினார். நாலு கழகம் அவரைத் துரத்தியிருந்தது. ஐந்தாவதை அவரே கைவிட்டு, பஸ் தரிப்புக்கு நடந்தார்.

ஐந்துக்குப் பூச்சியத்தில் எல்லாம் முடிந்தபின் சச்சிதானந்தன் வந்தார். பின்னால் பேபி அக்கா, கையில் தேத்தண்ணிப் பிளாஸ்க்.

"யோசப், மக்றே எங்கட கஜீவனைப் பற்றி ஒண்டுமே சொல்லேல்லையோ?"

பேஸ்மென்ற் தப்பியது என்று யோசப்புக்குத் தெரிந்துவிட்டது. நெஞ்சை நிமிர்த்தினான்.

"சொன்னவர் அண்ணை! ஒன்பதாவது நிமிசத்திலேயே வெளிய எடுக்கச் சொன்னவர். நான் விடுவனே? எங்கட வீட்டுப் பிள்ளையெல்லோ! கடைசிவரைக்கும் காப்பாத்திப் போட்டன்."

சச்சிதானந்தன் தலையில் கை வைத்தார்.

"அட விசரா!" என்றாள் பேபி அக்கா. "தம்பியைப் பாத்து, 'நீ இனி விளையாடாதை' எண்டு சொல்ல எங்கள் ரெண்டு பேருக்கும் வாய் வரேல்லை எண்டுதானே, ஒரு வெள்ளைக்காரனைப் பிடிச்சுத் தா எண்டு உன்னட்டைக் கேட்டனாங்கள்!"