தொட்டி மாமாவும் பர்மனென்ட் ஆன கைப்பிடியும்

மந்தாரக்குப்பத்தில் தொட்டி மாமாவின் கண்ணில் பட்டுத் தப்பித்த இரும்பு எதுவும் கிடையாது. பின்கட்டில் இருக்கும் பச்சை, வெள்ளை என்ற இரண்டு தொட்டிகளில் ஒன்றில் முக்கி, இரண்டு ஒயரை மாட்டிப் பூச்சு ஏற்றிப் பளபளவென்று எடுத்துவிடுவார். ஒருநாள் எங்கள் கேட் தாழ்ப்பாள் காணாமல் போய், மறுநாள் கண்ணாடி மாதிரித் திரும்பி வந்தது. நடுவில் ஓர் இரவு கேட் திறந்தே கிடந்தது. யாரைக் கேட்பது? அவர்தான் எங்கள் வீட்டு ஓனர்.

சுரங்க ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். அவர் மனைவியை நாங்கள் அத்தை என்போம். அத்தை ஜல்லிக்கரண்டியைப் பீரோவில் வைத்துப் பூட்டுவார்.

"கொழம்புக் கரண்டிய முக்கிட்டாரு, போனாப் போவுது. இதுவாவது வூட்டுல இருக்கட்டும்மா."

நான் எல்லாவற்றுக்கும் பயப்படுகிறவள். பையன் எதையும் நக்கிப் பார்ப்பான். அதற்கு முன் நான் அதைக் கொதிக்க வைத்துவிடுவேன். அவனுடைய இரண்டாவது பிறந்தநாளுக்கு வாங்கிய பழைய மூன்று சக்கர சைக்கிளில் கைப்பிடி முழுக்கத் துரு. சைக்கிளைக் கொதிக்க வைக்க முடியாதே. மாமாவிடம் போனோம்.

"நிக்கல் போட்டுர்றேன்மா."

"நிக்கல் பட்டா சில பேருக்கு அரிக்குமாம் மாமா. இவன் நக்குவானே?"

"அப்ப பச்சைத் தொட்டி வேணாம். வெள்ளைத் தொட்டி. ஈயம் இல்லாத பெயிண்ட், பயப்படாத."

"ரெண்டும் ஒண்ணுதானே? தண்ணி, ஒயர், கரண்ட்."

கேட்டிருக்கக் கூடாது. மாமா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஒண்ணா? பச்சையில நிக்கல் உப்பா கரைஞ்சிருக்கு. கரண்ட் வுட்டா அணு அணுவா இரும்பு மேல போயி உலோகமாவே ஆயிடும். எடுத்த நிமிஷமே பர்மனென்ட். வெள்ளையில பெயிண்ட் கரையாது, துகளா மெதந்துகினு இருக்கும். கரண்ட் இழுத்தா அந்தத் துகளே, பஸ்ல வந்து எறங்குற மாதிரி கும்பலா வந்து ஒக்காந்துக்கும். அது காண்ட்ராக்ட். சூட்டுல வெந்தாதான் பர்மனென்ட்."

பல வருஷமாகக் காண்ட்ராக்டில் வெந்துகொண்டிருக்கும் என் கணவர் கேட்டார்: "எவ்ளோ நேரம் வேவணும் மாமா?"

"அரை மணி நேரம்."

"குடுத்து வெச்ச பெயிண்ட்."

பிறந்தநாள் காலையில், முக்கி எடுத்த கைப்பிடி வெள்ளை வெளேரென்று கொடியில் தொங்கியது. நிக்கல் போட்டதையெல்லாம் மாமா தேய்த்துக் கழுவிப் பார்த்திருக்கிறேன். ஆகவே கடமை தவறாமல் ஸ்க்ரப்பரை எடுத்துத் தேய்த்தேன். பெயிண்ட் மொத்தமும் என் கையோடு வந்துவிட்டது.

"ஐயோ, கைய எடும்மா! இன்னும் காண்ட்ராக்ட்லதான் இருக்குது!"

மறுபடி முக்கினார். பிறகு என் கேக் ஓவனைக் கேட்டார். அதில் வைக்கத்தான் நான் மாவு கலந்து வைத்திருந்தேன்.

"கேக்குக்கு எவ்ளோ சூடு?"

"நூத்தி எண்பது."

"இதுக்கும் அதேதான்! ஒண்ணாவே வெச்சுடலாமே."

கைப்பிடி ஓவனுக்குள் குறுக்காக நுழைந்தது. கேக் இட்லிக் குண்டானில் வெந்து, நடுவில் பள்ளத்தோடு வந்தது. ஓவனில் பெயிண்ட் வாசனை போகவேயில்லை. மாமாவே வைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

சாயந்தரம் சைக்கிளில் ஏறியதும் பையன் குனிந்து கைப்பிடியை நக்கினான்.

"மாமா, ஒண்ணும் ஆகாதே?"

அத்தை சிரித்தார்.

"ஆவாதும்மா. மத்தியானத்துலேர்ந்து அந்தக் கம்பிய இவருதான் நக்கிப் பாத்துகினு ஒக்காந்திருந்தாரு. புள்ள வாயில போறதாச்சேன்னு."

இப்போது வேறு ஊருக்கு வந்துவிட்டோம். பையனுக்கு எதை வாங்கினாலும், முதலில் நக்கிப் பார்க்க ஒரு மாமா பக்கத்தில் இல்லையே என்று இருக்கிறது.