சந்தனத்துக்கு அடியில் ஓர் ஊதாப் பொட்டு

சுகாதார இலாகாவில் முப்பத்து நான்கு வருடம் இருந்து ஓய்வு பெற்றவன் நான். எந்த நோய்க்கு எந்தப் படிவம், அதற்கு எத்தனை நகல் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். (யாரும் எழுப்பிக் கேட்பதில்லை.) ஆனால் தேசத்தின் ஆரோக்கியத்தையே நான் ஒருவன் தாங்கி நிற்பதாக நம்பியது ஒரே ஒரு நாள்தான். அதுவும் மத்தியானம் வரைக்கும்தான்.

நாற்பதுகளின் நடுவில் ஓர் ஆடிக் கிருத்திகை. காலரா பயம். ஊசி போடாதவர்களை மலை ஏற விடக்கூடாது என்று உத்தரவு. திருத்தணி மலையடிவாரத்தில், முதல் படிக்குப் பக்கத்தில் ஒரு மேஜை, ஒரு கம்பவுண்டர், காக்கி அரைக்கால் சட்டையில் நான். வயது இருபத்து மூன்று, வேலை தற்காலிகம், கர்வம் நிரந்தரம்.

ஊசி போட்டவருக்குச் சீட்டுக் கொடுக்க வேண்டும் என்பது விதி. அடுத்த காரியமாக அவர் மொட்டை போட்டுக்கொண்டு குளத்தில் முழுகுவார், சீட்டு கூழாகிவிடும் என்பதை நான் கண்டுபிடித்தேன். ஆகவே சீட்டை நிறுத்தினேன். நெற்றியின் மேல் பக்கம், முடி தொடங்கும் இடத்தில், புண்ணுக்குத் தடவுகிற ஊதா மருந்தால் ஒரு பொட்டு. எத்தனை முழுக்குப் போட்டாலும் போகாது. படியில் நிற்கும் போலீஸ்காரர் பொட்டைப் பார்த்து ஆளை விட வேண்டியது. தேசம் முழுக்க இதைப் பின்பற்றப் போகிறார்கள் என்று அறிக்கையின் முதல் பத்தியை மனத்துக்குள் எழுதியும் வைத்திருந்தேன்.

அன்று எனக்கு இன்னொரு பரீட்சையும் இருந்தது. அரக்கோணத்திலிருந்து அப்பா கடிதம் போட்டிருந்தார்: "அம்மையார்குப்பத்துப் பெண்ணின் தகப்பனார் காவடி எடுத்து வருகிறார். தான் யாரென்று சொல்லாமல் நீ வேலை செய்கிற லட்சணத்தைப் பார்ப்பார். பிடித்தால்தான் மேற்கொண்டு பேச்சு. பெரிய மீசைக்காரர். மரியாதையாக நடந்துகொள்."

பெண்ணை ஒரு கல்யாணப் பந்தியில் பார்த்திருந்தேன். பெயர் சரோஜா. அதிலிருந்து எனக்குச் சாப்பாடு சரியாக இறங்கவில்லை.

காலையிலிருந்து மீசைக்காரர்களாகவே வந்தார்கள். எதற்கும் இருக்கட்டும் என்று ஒவ்வொருவரையும், "வலிக்குதுங்களா? உட்காருங்க. தண்ணி குடிக்கிறீங்களா?" என்று உபசரித்தேன். மீசை இல்லாதவர்களை மாட்டுக்குக் குத்துவது போலக் குத்தி அனுப்பினேன்.

பத்து மணிக்குப் போலீஸ்காரர் ஒருவரை அழைத்து வந்தார். மழித்த தலை, மழித்த முகம், உச்சியிலிருந்து புருவம் வரை கெட்டிச் சந்தனம், தோளில் காவடி.

"சார், இவுருக்குப் பொட்டு இல்லே. ஊசி போட்டுக்கினேன்னு சாதிக்கிறாரு."

"இந்தக் கையிலதான் தம்பி குத்தினே. தண்ணி வேணுமான்னுகூடக் கேட்டியே" என்றார் அவர், இடது கையைக் காட்டி.

தண்ணீர் வேண்டுமா என்று நான் யாரைக் கேட்டேன் என்பதை அப்போதாவது யோசித்திருக்கலாம். எனக்கு அன்று மனிதர்கள் தெரியவில்லை. மீசைகளும் புஜங்களும்தான் தெரிந்தன.

"பொட்டு எங்கே?"

"சந்தனத்துக்கு அடியில."

"துடைத்துக் காட்டுங்கள்."

"சாமிக்குன்னு பூசுனதை, மலை ஏறாமுன்னயே துடைக்கவா? நல்லாக்குதே உன் நாயம்!"

"பொட்டு இல்லையென்றால் ஊசி போடவில்லை என்று அர்த்தம். விதி அப்படி." (விதி பிறந்து நாலு மணி நேரம் ஆகியிருந்தது.)

"அப்போ கை வீங்கிக்கினு கீதே, அது?"

"கொசுவாக இருக்கும்."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். காவடியை இறக்கி வைத்து வலது கையை நீட்டினார். "குத்து. சந்தனத்தைத் தொடாதே."

குத்தினேன். பொட்டைச் சந்தனத்தின் மேலேயே வைத்தேன். நடைமுறை என்று ஒன்று இருக்கிறதல்லவா?

அவர் காவடியைத் தூக்கப் பார்த்தார். இடது கை எழும்பவில்லை. வலது கையும் எழும்பவில்லை.

"கூலிக்கு ஆள் பிடித்துத் தரட்டுமா?" என்றேன்.

"கூலிக்காரன் தூக்குனா அது மூட்டை. காவடியை வீட்டு மனுஷன்தான் தூக்கணும்."

"உங்கள் வீட்டு மனிதர் யாராவது இங்கே இருக்கிறார்களா?"

"ஒருத்தனைப் பார்க்கத்தான் வந்தேன். அவன் வீட்டு மனுஷன் ஆவானா மாட்டானான்னு இன்னும் முடிவு பண்ணல." மழித்த மேலுதட்டை மெல்லத் தடவிக்கொண்டார். "காலையில எனக்கு மீசை இருந்துச்சு தம்பி."

காலரா கண்டவனுக்குக் கைகால் சில்லிட்டுப் போகும் என்று பாடத்தில் படித்திருந்தேன். நோய் இல்லாமலும் வரும் என்பது பாடத்தில் இல்லை.

காவடியைத் தோளில் வைத்துக்கொண்டு படிக்கு நடந்தேன். போலீஸ்காரர் குறுக்கே தடியை நீட்டினார்.

"சார், உங்க நெத்தியில பொட்டு இல்லீங்களே?"

உண்மை என்னவென்றால், எனக்கு ஊசி என்றால் பயம். நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப் போட்டிருந்தேன்.

"யோவ், இந்த விதியைப் போட்டவனே நான்தான்!"

"ஆங், அதனாலதாங்க கேக்கறேன்."

திரும்பி வந்து என் மேஜை முன்னால் நானே கையை நீட்டினேன். கம்பவுண்டர் பல நாள் ஆசை தீரக் குத்தினார். கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்த என் காதருகே ஒரு குரல், மிகுந்த பரிவோடு:

"தண்ணி குடிக்கிறியா தம்பி?"

முந்நூற்று அறுபத்தைந்து படிகள். தக்கைத் தொப்பியும் காக்கியுமாகக் காவடி எடுத்தவன் அந்த மலையில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். பின்னாலேயே வந்தவர் உச்சியில்தான் வாய் திறந்தார்: "கை சரியாவட்டும். வந்து உங்கப்பாகிட்டப் பேசறேன்." அன்று சாயங்காலமே சீட்டு முறைக்குத் திரும்பினோம். அறிக்கை மனத்திலேயே தங்கிவிட்டது. தை மாதம் கல்யாணம். "என்னை ரெண்டு குத்து குத்திட்டு என் பொண்ணைக் கட்டிக்கினு போனவரு" என்றுதான் மாமனார் கடைசிவரை என்னை ஊராருக்கு அறிமுகம் செய்தார்.

போன மாதம் கொள்ளுப்பேரனுக்குப் போலியோ சொட்டு மருந்து போட்டுக்கொண்டு வந்தாள் சரோஜா. குழந்தையின் சுண்டுவிரல் நகத்தில் மையால் ஒரு குறி. இப்போது தேசம் முழுக்க இப்படித்தானாம். ஐம்பது வருடம் தாமதமானாலும் என் யோசனையை ஏற்றார்களே என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

அவள் அந்த விரலை என் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"பாத்துக்கோங்க. சந்தனம் பூசாத இடம்."