தலைவலி வராத மாத்திரை

மைக் 'கீ' என்று ஒரு கத்துக் கத்தியதும், ஞானசேகரன் இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டு மேடையிலேயே உட்கார்ந்துவிட்டார். மது என்னும் அரக்கனை ஊரைவிட்டு விரட்டிக்கொண்டிருந்தவர், பாதி வழியில் அவனை அப்படியே விட்டுவிட்டார்.

அது மதுவிலக்குப் பிரசாரக் கூட்டம். ஞானசேகரன் கமிட்டியின் பேச்சாளர். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவருக்குத் தலை வலித்ததற்குக் காரணம், சனிக்கிழமை சாயங்காலம் அவர் புதுச்சேரியில் இருந்ததுதான். கடலூரில் ஒரு சொட்டுக் கிடையாது, மதுவிலக்குச் சட்டம். பஸ் ஏறிப் பெண்ணையாற்றுப் பாலத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் சட்டம் முடிந்துபோகும், கடை ஆரம்பித்துவிடும். எதிரியை நேரில் பார்க்காமல் எப்படித் திட்டுவது என்பது ஞானசேகரனின் கொள்கை.

கூட்டம் கலைந்ததும் கமிட்டித் தலைவர் ராமாமிர்தம் பக்கத்தில் வந்தார்.

"இன்னாய்யா, ஞாயித்துக்கெழமன்னா ஒமக்கு மட்டும் தலைவலி வருது?"

"பித்தம்ங்க ஐயா."

"அடுத்த மாசம் சிதம்பரத்துல மாநாடு. மெட்ராஸ்லேருந்து பெரியவங்க வர்றாங்க. ஜில்லாப் பேச்சாளர அங்கதான் பொறுக்கப் போறாங்க. சம்பளம், ஜீப்பு எல்லாம் உண்டு. அங்கயும் பித்தம் வந்துதுன்னா, கமிட்டியவிட்டுப் போயி ஊட்லயே ஒக்காந்து வைத்தியம் பாத்துக்கும்."

ஜீப் விஷயத்தை ஞானசேகரன் மனைவி மலர்க்கொடியிடம் சொன்னார். சாயங்காலத்துக்குள் அவர்கள் குடியிருந்த செம்மண்டலம் முழுக்க அந்த ஜீப் ஓடிவிட்டது. இனி அது வராமல் போனால் தெருவில் தலைகாட்ட முடியாது.

சனிக்கிழமையை விட்டுவிட்டால் தீர்ந்ததே என்று உங்களுக்குத் தோன்றலாம். ஞானசேகரனுக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தால் இந்தக் கதை கிடையாது.

அவர் நேரே போனது நைனா முகம்மதுவின் கடைக்கு. நைனா சைகோனில் வியாபாரம் பார்த்துத் திரும்பியவர். சீப்பு, சென்ட், சிங்கப்பூர்க் குடை, பல்செட்டு எல்லாம் அவர் கடையில் கிடைக்கும்.

"மச்சான், குடிக்கிறதுக்கு முன்னாடி போட்டுக்கிட்டா மறுநாள் தலைவலி வராத மாதிரி மருந்து எதுனா இருக்கா?"

"இருக்கே!" என்று நைனா அலமாரியிலிருந்து ஒரு மாத்திரை பாட்டிலை எடுத்துத் தூசியை ஊதினார். "சைகோன்ல கப்பல் கேப்டன் ஒருத்தன். பிரெஞ்சுக்காரன். தெனம் ராத்திரி குடிப்பான், காலையில தலையப் புடிச்சுக்கிட்டு ஊளையிடுவான். டாக்டரு இந்த மாத்திரையக் குடுத்தாரு. அன்னிலேருந்து அவன் வாயில தலைவலிங்கற பேச்சே கெடையாது. நல்ல சரக்குன்னு ஒரு பெட்டி வாங்கியாந்துட்டேன்."

"நீ போட்டுப் பாத்தியா?"

"தவ்பா! நமக்கு ஹராமாச்சே. நான் குடிக்கிறதுமில்ல, எனக்குத் தலைவலி வந்ததுமில்ல."

இந்த இரண்டுக்கும் ஏதாவது சம்பந்தம் இருக்குமா என்று இருவருமே யோசிக்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை காலைக் காப்பியோடு ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு, சாயங்காலம் ஞானசேகரன் புதுச்சேரி போனார். வழக்கமான கடை. கல்லாவில் முதலாளி வழக்கம்போல் ஒரு சொம்பு மோரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இத்தன பாட்டில பின்னாடி அடுக்கி வச்சிக்கிட்டு மோர் குடிக்கிறீங்களே!" என்றார் ஞானசேகரன்.

"நமக்குப் பித்த ஒடம்பு சார். ஒரு வாய் உள்ள போனாலும் ஆவறதில்ல" என்றார் முதலாளி, ஏக்கத்தோடு.

பாவம், நிஜமாகவே பித்தம் உள்ளவர்களும் உலகத்தில் இருக்கிறார்கள் என்று ஞானசேகரன் நினைத்துக்கொண்டார்.

சர்வர் காத்தவராயன் பிராண்டி ஊற்றினான். அரை கிளாஸ்தான் இறங்கியிருக்கும். ஞானசேகரன் முகம் மிளகாய்ப் பழமாகச் சிவந்தது. நெஞ்சுக்குள் பண்ருட்டி லாரி ஒன்று முழு லோடோடு மேடேறியது. காதில் புகை வந்தது என்று சொன்னால் நம்பமாட்டீர்கள், ஆகையால் சொல்லவில்லை.

திரும்பும் வழியெல்லாம் பஸ் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டியபடியே வந்தார். எல்லையில் எல்லார் வாயையும் முகர்ந்து பார்க்கும் போலீஸ்காரர், இவரைப் பார்த்ததும் நாலடி பின்னால் போய், "காலராப்பா, வண்டிய எடு, எடு!" என்று விரட்டினார். அந்த மட்டில் மாத்திரையால் ஒரு லாபம்.

"வெறும் வயித்துலயா போட்ட?" என்றார் நைனா. "நெய் வுட்ட பொங்கல தின்னுட்டுப் போடு."

அடுத்த சனிக்கிழமை பொங்கல் தின்றார். ஜன்னல் வழியாகப் பொங்கலும் போயிற்று.

"பிராண்டி ஒத்துக்கல. பீருக்கு மாறு."

மாறினார். லாரிக்குப் பதிலாக ரயிலே நெஞ்சில் ஏறியது. காத்தவராயன் முகத்தில் தண்ணீர் தெளித்து, "சார், நீங்களும் மோருக்கு மாறிடுங்க" என்று யோசனை சொன்னான்.

நைனா தாடியைத் தடவினார். "இப்பத்தான் மச்சான் பிடிபடுது. கேப்டன் தெனம் போட்டான். நீ சனிக்கெழமைக்கு சனிக்கெழம போட்டா ஒடம்புல எப்பிடி ஊறும்? தெனம் போடு. மாநாடு வரைக்கும் ரெண்டு ரெண்டாப் போடு."

ஞானசேகரன் இரண்டிரண்டாகப் போட்டார். மாநாட்டுக்கு முந்தின சனிக்கிழமை புதுச்சேரி பஸ்ஸைப் பார்த்ததுமே குமட்டியது. போகவில்லை. ஆனாலும் மாத்திரையை மட்டும் விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை எழுந்தார். தலை பஞ்சுபோல் இருந்தது. வலி இல்லை. ஓடிப்போய் நைனாவைக் கட்டிக்கொண்டார்.

"மச்சான், மாத்திர வேல செஞ்சிடுச்சு! தலைவலியே இல்ல!"

"நான்தான் சொன்னனே" என்றார் நைனா. நேற்றுக் குடித்தாயா என்று அவரும் கேட்கவில்லை.

சிதம்பரத்துக்குப் புறப்படும்போது மலர்க்கொடி கையில் ஒரு பாட்டிலைக் கொடுத்தாள். "ஆளு பாதியா எளைச்சுட்டீங்க. மேடையில நிக்கத் தெம்பு வேணாமா? அரிஷ்டம். ரெண்டு மூடி குடிச்சிட்டு ஏறுங்க."

சர்க்கார் கண்ணில் அரிஷ்டம் மருந்து. மலர்க்கொடி கண்ணிலும் மருந்து. அதில் பாதி சாராயம் என்று ஊரில் குடிக்கிற அத்தனை பேருக்கும் தெரியும். தெரிந்ததனால்தான் ஞானசேகரன் மேடைக்குப் பின்னால் போய் இரண்டு மூடிக்குப் பதிலாகப் பாதி பாட்டிலைக் குடித்தார்.

மேல வீதியில் பந்தல் கொள்ளாத கூட்டம். மெட்ராஸ் பெரியவர்கள் முன்வரிசையில் இருந்தார்கள். ஞானசேகரன் மைக்கைப் பிடித்தார்.

"தாய்மார்களே! குடிக்கிறவனுடைய கதி என்ன தெரியுமா?"

லாரி மேடேறியது. முகம் சிவந்தது. கண்ணில் தாரை தாரையாக நீர் வழிந்தது. கால் இரண்டும் பின்னிக்கொள்ள, மைக் கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"ஐயோ... நெஞ்சு அடிக்குதே! ஒலகம் சுத்துதே! அடி மலரு, என்னக் காப்பாத்துடி! சத்தியமா இனிமே தொடமாட்டேன்டி!"

சொல்லி முடித்ததும் முன்னால் குடிதண்ணீருக்கு வைத்திருந்த பெரிய பித்தளை அண்டாவில் வாந்தி எடுத்தார். பிறகு அண்டாவையே அணைத்துக்கொண்டு சரிந்தார்.

பந்தல் அதிர்ந்தது. கைதட்டல் ஓய வெகுநேரம் ஆயிற்று. பெண்கள் தேம்பினார்கள். முன்வரிசையில் ஒருவர் எழுந்து, இனி மூக்குப்பொடிகூடப் போடுவதில்லை என்று சத்தியம் செய்தார்.

"நாடகக் கொட்டகையில்கூட இப்படி ஒரு நடிப்பைப் பார்த்ததில்லை!" என்றார் மெட்ராஸ் பெரியவர். "வாந்திகூட அசல்!"

ராமாமிர்தம் ஞானசேகரனைத் தூக்கி நிறுத்திக் காதோடு சொன்னார். "பித்தம், பித்தம்னீரே, எல்லாம் இதுக்கு ஒத்திகையாய்யா? ஒரு வார்த்த சொல்லக் கூடாது?"

ஜில்லாப் பேச்சாளர் பதவி கிடைத்தது. ஜீப்பும் கிடைத்தது. ஒரே ஒரு நிபந்தனை. ஞாயிறுதோறும் ஒவ்வோர் ஊராகப் போய் இதையே அப்படியே செய்து காட்ட வேண்டும். அடுத்தது பண்ருட்டி. அண்டா ஏற்பாடாகிவிட்டது.

சனிக்கிழமை சாயங்காலம் புதுச்சேரிக் கடையில் ஞானசேகரன் நொந்துபோய் உட்கார்ந்திருந்தார். கிளாஸ் எதிரே இருந்தது. தொடப் பயமாக இருந்தது. பழக்கதோஷத்தில் மாத்திரை பாட்டிலை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

காத்தவராயன் குனிந்து பார்த்தான். "இன்னா சார், இத எதுக்கு நீங்க வச்சிக்கினு இருக்கீங்க?"

"குடிக்கிறதுக்கு முன்னாடி போட்டுக்கிட்டா மறுநாள் தலைவலி வராதாம்ப்பா."

காத்தவராயன் கல்லாப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தான். முதலாளி மோரை உறிஞ்சிக்கொண்டிருந்தார். அவன் சட்டென்று பாட்டிலைத் துண்டால் மூடிவிட்டு ரகசியமாகச் சொன்னான்:

"மெதுவாப் பேசுங்க சார், மொதலாளி காதுல வுழுந்துடப்போவுது. அவரு குடிய வுடணும்னு மொதலாளியம்மா டாக்டருகிட்ட வாங்கி, தெனம் காலையில அவரு காப்பில கலக்கச் சொல்லி எங்கிட்ட குடுக்கறதே இந்த மாத்திரையத்தான்!"